சென்சாருக்கு என் கால்கள் தெரியாது

ரெண்டு மாதமாக என் ஸ்கேட்போர்டின் அடியில், முன் ட்ரக்கை (சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புப் பாகம்) ஒட்டி, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சென்சாரை மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன ட்ரிக் போட்டேன், எவ்வளவு நேரம் காற்றில் இருந்தேன், எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் போனில் இருக்கும் ஆப் எழுதி வைத்துவிடும். ஆரம்பத்தில் ரொம்பப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நான் இடது காலை முன்னால் வைத்து ஓட்டுகிறவன். அதை அப்படியே மாற்றி, வலது கால் முன்னால் இருக்க, ஸ்விட்ச் கிக்ஃப்ளிப் (குதித்து, முன்காலின் விரல் பக்கத்தால் உதைத்து போர்டை நீளவாக்கில் ஒரு சுற்று உருட்டுவது கிக்ஃப்ளிப், அதையே கால் மாற்றிப் போட்டால் ஸ்விட்ச்) போட எட்டு மாதமாக முயற்சி. இடது கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கும், கால் சொன்ன பேச்சைக் கேட்காது. சனிக்கிழமை சாயங்காலம் அது சுத்தமாக இறங்கியது, ரெண்டு காலும் ட்ரக்கைப் பிடித்திருக்கும் போல்ட் மேலேயே. ஓடிப்போய் போனை எடுத்துப் பார்த்தால், "ஹீல்ஃப்ளிப்" என்று போட்டிருக்கிறது. அது வேறு ட்ரிக், குதிகால் பக்கத்தால் உதைத்து எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது.

கோளாறு ஒன்றும் இல்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே இருப்பது முடுக்கமானியும் (வேகம் மாறுவதை அளப்பது) கைரோஸ்கோப்பும் (சுற்றுவதை அளப்பது). போர்ட் எந்த அச்சில், எந்தப் பக்கமாக, எத்தனை டிகிரி சுற்றியது என்று கைரோ சொல்லும். கிளம்பும்போது ஒரு அதிர்வு, இறங்கும்போது ஒரு அதிர்வு, நடுவில் இருக்கும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்குப் போடுகிறார்கள் (அரை நொடி என்றால் சுமார் 30 செ.மீ.). நிற்கும் கால் மாறினால் கிக்ஃப்ளிப்பின் சுற்றும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடும். போர்டை மட்டும் பார்த்தால் ஸ்விட்ச் கிக்ஃப்ளிப்பும் சாதாரண ஹீல்ஃப்ளிப்பும் ஒரே பக்கம்தான் சுற்றுகின்றன. மேலே யார், எந்தக் காலை முன்வைத்து நிற்கிறார் என்பது சென்சாருக்கு எப்படித் தெரியும்? அதே மாதிரி, போர்ட் மட்டும் சுற்றி ஒழுங்காக விழுந்து, நான் பக்கத்தில் தரையில் நின்றாலும் என் ஆப் "ட்ரிக்" என்று சேர்த்துக்கொள்கிறது. ரெண்டு தடவை பார்த்துவிட்டேன்.

இது புது யோசனையும் இல்லை. 2013லேயே ட்ரேஸ் என்ற சென்சார், மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டி வந்தது, ஸ்கேட், சர்ஃப் ரெண்டுக்கும். அந்த நிறுவனம் பிற்பாடு கால்பந்துப் பக்கம் போய்விட்டது.

எனக்கு உண்மையான கோபம் புள்ளிப் பட்டியல் மேலேதான். உயரத்துக்கு இவ்வளவு, சுற்றுக்கு இவ்வளவு என்று ஆப் மார்க் போடுகிறது, பசங்களும் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். எங்கள் பார்க்கிங்கில் வரும் ஒரு பையன், அழகாக மெதுவாக ஆலி (போர்டோடு சேர்ந்து எம்பிக் குதிப்பது) போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது எண்ணிக்கைக்காகப் போர்டை உதைத்துத் தள்ளுகிறான். தோள் எப்படி இருந்தது, இறங்கின பிறகு நிதானமாக உருண்டு போனானா, இதெல்லாம் எந்த எண்ணில் வரும்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஸ்கேட்டர் யூட்டோ ஹோரிகோமே கடைசி முயற்சியில் 97.08 வாங்கி, மொத்தத்தில் வெறும் 0.10 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் ஜெயித்தார். அவ்வளவு நெருக்கமான முடிவு, அங்கேயும் மார்க் போட்டது நடுவர்களின் கண்கள்தான்.

அதற்காக சென்சாரைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. எண்ணுவதில் அதை அடிக்க ஆள் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு ட்ரிக்குக்கு முன்னால் 63 முயற்சி என்று காட்டியது, நான் முப்பது இருக்கும் என்று நினைத்திருந்தேன். களைத்துப்போன பிறகு காற்றில் இருக்கும் நேரம் குறைந்துகொண்டே வருவதும் அதில் ஒரு கோடாகப் பளிச்சென்று தெரியும், அப்புறமும் ஓட்டினால் கணுக்கால்தான் போகும். இப்போதெல்லாம் அந்தக் கோடு இறங்க ஆரம்பித்தால் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். புள்ளிப் பட்டியலை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைப் பதிவு ஆப்பில் இன்னும் "ஹீல்ஃப்ளிப்" என்றேதான் இருக்கிறது, மாற்ற வழி இல்லை. நண்பன் தூரத்திலிருந்து எடுத்த ஒன்பது நொடி வீடியோ இருக்கிறது, கொஞ்சம் ஆடும். வலது கால் முன்னால் இருப்பது அதில் நன்றாகவே தெரிகிறது.