மங்கு என்றே எழுதுவேன்

போன வாரம் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் சில கேள்விகள் அனுப்பியிருந்தாள். "அக்கா, உங்களுக்குப் பிடித்த நேரம் எது, பிடித்த மரம் எது, பிடித்த கவிதை எது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்? ஒவ்வொரு வரியாகச் சொன்னால் போதும்." ஒரு வரியில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. எந்தக் கேள்வியை எடுத்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். அதனால் இங்கே எழுதுகிறேன். வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

பிடித்த நேரம் காலை ஐந்தே கால். எங்கள் ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை அதற்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர், என் வயதுக்காரர்கள் வாயில் இன்றும் அதுதான் வரும். அந்த நேரத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்றிரண்டு போகும். மற்றபடி ஊரே அமைதியாக இருக்கும். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது இரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் பால் அழுத்தமாக இருக்கும், வெட்டியதும் நன்றாக இறங்கும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். அம்மா இல்லாத அந்த வீட்டில் விழித்துக் கிடந்த நேரத்தில்தான் எனக்கு முதன்முதலில் சொற்கள் சேர்ந்து சேர்ந்து வந்தன. இன்றைக்கும் அப்படித்தான். வெயில் ஏறிவிட்டால் எனக்கும் ஓடாது.

எழுதுவது என் தையல் கடையில், துணி வெட்டும் மேசையில். கையில் இருக்கும் சாக்கட்டியால் மேசையிலேயே எழுதிவிடுவேன். பகல் முழுக்க அதன் மேல் துணி விரியும், மடியும், கத்தரி ஓடும். சாயங்காலத்துக்குள் பாதி அழிந்துபோகும். அழிந்த வரியை நினைவிலிருந்து சொல்ல முடிந்தால் நோட்டில் எழுதுவேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன். இருபது வருடமாக இதுதான் என் திருத்தும் முறை. கைபேசியிலும் தமிழில் தட்டத் தெரியும், இந்தப் பதிவே அப்படி எழுதியதுதான். ஆனால் கைபேசியில் எதுவும் அழிவதில்லை. கவிதைக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை.

பிடித்த மரம் கித்தா மரம். இதைச் சொன்னதும் "கித்தா என்று எழுதாதீர்கள், இரப்பர் என்று எழுதுங்கள்" என்று யாராவது வருவார்கள். நான் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கவிதைப் போட்டிக்கு அம்மாவைப் பற்றி எழுதி அனுப்பினேன். மழை பிடித்துக்கொண்ட காலையில், மரங்களில் கட்டியிருக்கும் மங்குகள் எல்லாம் பாலுக்குப் பதிலாகத் தண்ணீர் நிறைந்து நிற்கும். அதைத்தான் எழுதியிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது 'மங்கு' எல்லாம் சிவப்பு மையில் அடித்து 'கிண்ணம்' ஆகியிருந்தது. பக்கத்தில் 'கொச்சை தவிர்க்க' என்று ஒரு குறிப்பு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கிண்ணத்தில் நாங்கள் பாயசம் குடித்தோம். மங்கில் பால் பிடித்தோம். இரண்டும் ஒன்றில்லை. எங்கள் அம்மா வாழ்நாளில் ஒரு கிண்ணத்தைக்கூட மரத்தில் கட்டியதில்லை.

மழையையும் சொல்ல வேண்டும். கவிதையில் மழை வந்தால் உடனே மண் மணக்கிறது, மயில் ஆடுகிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், விடியற்காலை மழை பெய்தால் பெரியவர்கள் பேசமாட்டார்கள். மரப்பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் வெட்டிய கோட்டுக்கு வெளியே வழிந்து வீணாகும். அன்றைய சம்பளம் போச்சு. அப்பா வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளுக்கு மட்டும் சந்தோஷம், அம்மா வீட்டில் இருப்பார் என்று. இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. இதை எழுத எனக்கு மயில் எதற்கு?

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். மலாய்க்காரர்கள் மரப்பாலை கெத்தா என்பார்கள், எங்கள் வாயில் அது கித்தா ஆனது. அவர்கள் கிண்ணத்தை மங்கோக் என்பார்கள், எங்கள் மங்கு அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல். காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால், உறைந்து கட்டியான கட்டிப்பால் எல்லாம் சுத்தத் தமிழ், ஆனால் தமிழ்நாட்டில் கேட்டால் பலருக்குத் தெரியாது. இந்தக் காட்டில், இந்த வேலையில் உண்டான சொற்கள் இவை. கூலிக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள், அவர்களே உண்டாக்கிய தமிழ். இதைக் கொச்சை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

"வெளியூர் வாசகருக்குப் புரியாதே" என்பார்கள். சரி. நான் குறிஞ்சிப் பூவை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பள்ளியில் குறிஞ்சித் திணை படித்தேன், புரியவைத்தார்கள், புரிந்துகொண்டேன். அதே போல மதுரையில் இருப்பவர் என் மங்கைப் புரிந்துகொள்ளலாம். அடிக்குறிப்புகூட நான் போடமாட்டேன். கவிதைக்குள் பால் சொட்டும் இடத்தில் அது நின்றால் தானாகப் புரியும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. 1917இல் இந்த நாட்டிலேயே முதல் முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது அங்கேதான். நட்டவர் ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் எழுதியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள் எதை எழுதிவைத்தார்கள்? வாயால் பாடினார்கள். பாடியவர்களோடு பெரும்பாலும் போய்விட்டது. நாட்டில் செம்பனைக் காலம் தொடங்கிய தோட்டத்தின் பெயர் தமிழ்ச்சொல்லாக நிற்கிறது. அதைச் சொல்லி அழைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பத்து வருடமாக இதை ஒரு கவிதையாக்கப் பார்க்கிறேன், இன்னும் அமையவில்லை.

எங்கள் சிலாங்கூர் ஆறு கீழே கோல சிலாங்கூரை நெருங்கும் இடத்தில், கம்போங் குவாந்தானில், இரவில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மொத்தமாக எரிந்து மொத்தமாக அணையும். மரமே மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். பெரெம்பாங்குக்கு என்னிடம் வேறு தமிழ்ப் பெயர் இல்லை. அதனால் கவிதையிலும் பெரெம்பாங்தான்.

அப்புறம், பிடித்த கவிதை. குறுந்தொகையில் செம்மண்ணில் விழுந்த மழைநீரைச் சொல்லும் அந்தப் பாட்டு. அதைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பெயராக்கி அவரைச் செம்புலப் பெயனீரார் என்கிறோம். ஐந்தாம் படிவத்தில் ஆசிரியை அதை நடத்தியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எங்கள் தோட்டத்துச் சாலை செம்மண் சாலை. மழை நாளில் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து முழுக்க அந்த நிறம்தான், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தப் புலவர் யாரோ, தன் காலடி மண்ணைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். கிண்ணம் என்று திருத்தச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தங்கையின் கடைசிக் கேள்வி, இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது.

செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டி ரவிக்கை தைக்க வந்தார். பேத்தி கல்யாணத்துக்கு. அளவெடுத்தால் வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. நாடாவைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். "திருப்பித் திருப்பி அளக்காதம்மா, அது காண்டா தூக்குன தோளு," என்றார். இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கும் காண்டாக் கம்பு. முப்பது வருடம். ரவிக்கையின் இரண்டு தோளையும் தனித்தனியாக வெட்டினேன்.

அவர் போனதும் மேசையில் 'காண்டாத் தோள்' என்று எழுதினேன். இன்று வெள்ளி. அந்த மூலையில் மட்டும் மூன்று நாளாக நான் துணி விரிக்கவில்லை.