ஓடாத ஆறும் ஓடுகிற தொழிலும்

திருப்பூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், சிவகாசி. தொழிலால் பேர் வாங்கிய இந்த ஊர்களில் ஒன்றுகூட காவிரி டெல்டாவில் இல்லை. எல்லாம் வானம் பார்த்த பூமி. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுகிறது. நம் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருவது. அதுவும் கடலோரத்தில் கொட்டிவிட்டு உள்ளே போகப்போக இளைத்துவிடும். வெள்ளாமை கைகொடுக்காத ஊர்க்காரர்கள் வேறு பிழைப்பு தேடினார்கள். வறண்ட காற்று சிவகாசியின் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. கொங்கில் பருத்தி, அப்புறம் பனியன் கம்பெனி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுதல்.

சரி, பிழைப்பு வந்தது. ஆனால் பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும், பச்சைத்தோல் அழுகாமலிருக்கவும் உப்பு வேண்டும். அந்த உப்புக்கழிவை வாங்கிக்கொண்ட திருப்பூர் நொய்யலும் ஆம்பூர்ப் பக்கத்துப் பாலாறும் மழைக்காலம் தாண்டினால் ஓடாத ஆறுகள். அதில் விட்டது மணலுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறுகளில்தான் ஏறும்.

நொய்யலில் 1992-ல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில வருடங்களில் அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. திறந்தால் கீழே பயிர் போகும், தேக்கினால் சுற்றுவட்டாரக் கிணறுகள் போகும். ஒரு அணைக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா? பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 'கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுதவேண்டியிருந்தது.

2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு அங்கே நிலைபெற்றது. கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். மெச்சவேண்டிய வேலைதான். ஆனால் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கடைசியில் மிஞ்சுகிறது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குவதைத் தீர்வு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காய்ச்சுவதற்கு ஆகும் விறகு, மின்சாரச் செலவு பட்டறைக்காரர் தலையில். ஐரோப்பாவில் சட்டை விற்கிற கம்பெனி விலையைக் குறைக்கத்தான் பார்க்கிறது. மழை ராத்திரியில் திருட்டுத்தனமாகக் குழாயைத் திறந்துவிடுகிறவரை நான் நியாயப்படுத்தவில்லை. வில்லன் அவர் ஒருவர் மட்டும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல். சுத்திகரிப்புச் செலவு ஆர்டர் விலையிலேயே தனிக் கணக்காக ஏறவேண்டும். அதைக் கேட்டு வாங்க அரசும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து உட்காரவேண்டும்.

கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஒரு பழைய யோசனை அடிக்கடி எழுந்து வரும். பின்னூட்டத்திலும் யாராவது எழுதுவீர்கள். 2023 டிசம்பரில் ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் படிந்த வலையோடு நின்ற சென்னை எண்ணூர் மீனவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.