மெனாய் ஆறு அல்ல, நீரிணைதான்

"வேல்ஸ் மொழியில் 'அவோன் மெனாய்' என்கிறார்கள். அவோன் என்றால் ஆறு. ஆகவே ஆங்கிள்சி தீவை வேல்ஸ் நிலப்பரப்பிலிருந்து பிரிப்பது ஆறுதான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பெயர் சரி, முடிவுதான் தப்பு. சுமார் 25 கி.மீ. நீளமுள்ள மெனாய் இரண்டு முனையிலும் கடலுக்குத் திறந்தே கிடக்கிறது.

ஆறு என்றால் தண்ணீர் ஒரே பக்கம் போக வேண்டும். இங்கே கடல் ஏற்றம் முதலில் தென்மேற்கே கார்நார்வன் பக்கம் நுழையும். அதே ஏற்றம் தீவைச் சுற்றிக்கொண்டு, சற்றுத் தாமதமாக வடகிழக்கே போமாரிஸ் பக்கமும் வரும். இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக உயராததால் ஓட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும். 1826இல் திறந்த, பொறியாளர் டெல்ஃபோர்டின் தொங்குபாலத்துக்கும் 1850இன் பிரிட்டானியா பாலத்துக்கும் நடுவே ஸ்வெல்லீஸ் என்ற பாறைப் பகுதி இருக்கிறது. அங்கே நீரோட்ட வேகம் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வரை எகிறும். நீர் அடங்கும் சிறு இடைவெளி பார்த்துத்தான் படகுக்காரர்கள் கடப்பார்கள்.

அப்புறம், இந்தக் கரையிலுள்ள ஓர் ஊரின் புகழ்பெற்ற 58 எழுத்துப் பெயரும் பழங்காலத்தது இல்லை. லான்வைர்புல்குவின்கில் என்ற பழைய பெயரை 1860களில் ரயில் பயணிகளை இழுக்க நீட்டியதுதான். அந்த நீண்ட பெயரில் வரும் 'நீர்ச்சுழல்' என்ற சொல் இந்த ஸ்வெல்லீஸைக் குறிப்பது.