டூ, அட், ஃபார்னு ஒரு தலைவலி
ஒரே ஒரு இங்கிலீஷ் மெயில், இந்த டூ, அட் மாதிரி குட்டி வார்த்தைங்களால (ப்ரெபொசிஷனாம்) அரை மணி நேரம் போச்சு. டிஸ்கஸ்க்கு பின்னாடி அபௌட் போட்டேன், தப்பாம். சரி டிஸ்கஷன்னு மாத்தினா இப்ப அபௌட் வேணுமாம், அடேய் ரெண்டும் ஒரே குடும்பம்தானடா? லிசனுக்கு டூ வேணும், ஹியருக்கு வேணாம், காது என்னமோ அதே காதுதான். அரைவ்னா அட் போடவா இன் போடவான்னு முழிக்கணும், ரீச்னா எதுவுமே போடக்கூடாது, ஆனா போய்ச் சேர்றது ஒரே இடத்துக்கு! மேரீட் வித் கிடையாதாம், மேரீட் டூவாம் (கூட வாழ்றதே வித்தானய்யா). லுக் பத்தி பேசவே வேணாம், அட் போட்டா பாக்குறது, ஃபார் போட்டா தேடுறது, ஆஃப்டர் போட்டா பராமரிக்கிறது, ஒண்ண மாத்திப் போட்டா தொலைஞ்ச ஃபைலை தேடுறதுக்கு பதிலா நான் அதை வளத்துட்டு இருக்கேன். நம்ம தமிழ் வேற்றுமை உருபு ஐ, கு எல்லாம் சொல்லோட ஒட்டிக்கிட்டு சமத்தா இருக்குல்ல? ரூல் என்னன்னு கேட்டா "பழகப் பழக வந்துடும்"ங்கிறாங்க. எப்ப, ரிட்டயர் ஆனப்புறமா?