தின்னர் வாடையும் ஊருக்குத் திரும்பும் நோயும்

"தின்னர் வாடை ரெண்டு வாரத்துல பழகிடும்பா" என்று, பெயின்ட்டை இளக்கும் இந்தச் சால்வென்ட்டோடு (கரைப்பானோடு) வேலை செய்யச் சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் சொல்கிற சீனியர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்கள் வந்து இறங்கியபோதும் யாரோ அப்படித்தான் தேற்றியிருப்பார்கள். ஆனால் உண்மையில் பழகிப்போவது மூக்கு மட்டும்தான். ஒரே வாடையில் தொடர்ந்து நின்றால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். நுரையீரல் வழியாக அது ரத்தத்தில் கலப்பது நிற்காது. பென்சீன் என்ற கரைப்பான் விஷயம் இன்னும் மோசம். அதன் வாடை பலருக்குத் தெரிய ஆரம்பிக்கும்போதே காற்றில் அனுமதிக்கப்பட்ட அளவு தாண்டியிருக்கும்.

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸ், ஜூரோங், செம்பவாங் பக்கம் பெயின்டிங், டேங்க் கிளீனிங், மெஷின் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் வேலைகளில் நம் ஆட்கள் நிறையப் பேர். நான் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். இங்கே உடனே கொல்லும் ஆபத்துக்குக் கொடுக்கும் மரியாதையில் கால்வாசிகூட, மெதுவாகக் கெடுக்கும் ஆபத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். காரணம் ரொம்பச் சாதாரணமானது. மெதுவாகக் கெடுப்பது வெளியே தெரியும் நேரத்தில் அந்த ஆள் வேலை பெர்மிட் முடிந்து புதுக்கோட்டையிலோ பெரம்பலூரிலோ உட்கார்ந்திருப்பார்.

உடனே கொல்வதைப் பற்றிச் சிங்கப்பூர் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்பில் இருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் செத்தார்கள். எரியக்கூடிய ஆவி தேங்கியிருந்த டேங்கில் கட்டிங் டார்ச்சின் நெருப்பு பட்டதுதான் காரணம். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இன்று 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, டேங்க் போன்ற அடைபட்ட இடத்துக்குள் இறங்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி நுழைவுப் பெர்மிட் வேண்டும், காற்றைச் சோதிக்க வேண்டும், மேன்ஹோலுக்கு வெளியே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரியும் ஆவி, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நச்சுப்பொருளும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கோளாறு மீட்டரில் ஆரம்பிக்கிறது. சைட்டில் இடுப்பில் மாட்டியிருக்கும் சாதாரண கேஸ் மீட்டர் நான்கு விஷயங்களைத்தான் பார்க்கும்: ஆக்சிஜன், எரியும் ஆவி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீனை எடுத்துக்கொள்வோம். காற்றில் அது சுமார் 1.1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 11,000 பங்கு இருந்தால் தீப்பிடிக்கும். அதில் பத்தில் ஒன்று 1,100. மீட்டர் 'பீப்' அடிக்கத் தொடங்குவதே அங்கேதான். எட்டு மணி நேர வேலைக்குச் சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்ட அளவோ வெறும் 50. உயிருக்கே உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கும் அளவு 500. அப்படியென்றால், மீட்டர் வாயே திறக்காமல் இருக்கும்போது உள்ளே இருப்பவர் அனுமதித்த அளவைப் போல இருபது மடங்கை இழுத்துக்கொண்டிருக்கலாம். "மீட்டர்ல ஒண்ணும் காட்டலண்ணே" என்று பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சால்வென்ட் வேலைக்கு அதன் ஆவியைக் குறைந்த அளவிலேயே அளக்கும் தனி மீட்டர் உண்டு. விலை கூடத்தான், வாடகைக்கும் கிடைக்கும்.

இன்னொன்று, இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. டொலுவீன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம். டேங்கின் அடியில், மூலையில், குனிந்து துடைக்கிறவனின் முகத்தருகேதான் அது தங்கும். மேன்ஹோல் வாயில் மீட்டரைக் காட்டிவிட்டு "கிளியர்" சொல்வதும், காற்று ஊதும் ப்ளோயரை மேலே மட்டும் வைத்து ஓட்டுவதும் கண்துடைப்பு. அடியிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும், இன்னொரு பக்கம் நல்ல காற்று உள்ளே வர வேண்டும். தின்னரில் இருக்கும் இன்னொரு கரைப்பானான சைலீன் 27 டிகிரியை ஒட்டித் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைத் தர ஆரம்பிக்கும். சிங்கப்பூர் மதியம் 31, 32 டிகிரி. குளிர்நாட்டுப் புத்தகத்தில் ஓரமாக எழுதிவைக்கும் எச்சரிக்கை இங்கே தினசரி நடப்பு.

சரி, மெதுவாகக் கெடுப்பதற்கு வருவோம்.

1984இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஒரு தோல்நோய் மருத்துவ இதழில் எழுதினார்கள். டிரைகுளோரோஎத்திலீன் என்ற பிசுக்கு நீக்கியோடு வேலை செய்தவர்களுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான தோல் பாதிப்பு வந்திருந்தது. தோலும் வாயும் கொப்பளித்து உரியும், கல்லீரலும் கெடலாம். பிறகு தாய்லாந்து, சீனா என்று ஆசியாவின் பல தொழிற்சாலைகளிலிருந்து இதே மாதிரிச் செய்திகள் வந்தன. இது புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில வாரங்களிலேயே தாக்கக்கூடியது. காய்ச்சலும் தடிப்புமாகப் போனால் டாக்டர் மாத்திரை அலர்ஜி என்றோ டெங்கி என்றோதான் முதலில் நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. "நான் டிகிரீசிங் வேலை பார்க்கிறேன், இந்தத் திரவம் புழங்குகிறேன்" என்று நாம் வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குப் பொறி தட்டும்.

அதே திரவம் அமெரிக்காவில் லெஜூன் என்ற கடற்படை வீரர் முகாமின் குடிநீரில் 1953 முதல் 1987 வரை கலந்திருந்தது. கூடவே பெர்குளோரோஎத்திலீன், பென்சீன் எல்லாம். சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று டிரைகுளோரோஎத்திலீனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் உறுதிசெய்தது. அந்த முகாமில் இருந்தவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னது 2023இல். இதைத் தடைசெய்யும் விதியை அமெரிக்கா 2024 டிசம்பரில்தான் வெளியிட்டது. முகாமில் இளைஞராக இருந்தவர்களுக்குத் தாத்தா வயதில் பதில் கிடைத்திருக்கிறது. அவர்களுக்காவது யார் எந்த வருஷம் எங்கே இருந்தார்கள் என்ற ராணுவப் பதிவேடு இருந்தது. நம் பெயின்டர் தம்பி எந்த டேங்கில் எந்த தின்னரை எத்தனை மாதம் அடித்தார் என்பதற்கு என்ன பதிவேடு?

நரம்பைத் தாக்கும் சால்வென்ட்டும் உண்டு. சீனாவின் சூசோ நகரில் போன் திரை துடைக்க என்-ஹெக்சேன் பயன்படுத்திய ஒரு தொழிற்சாலையில் 137 பேர் பாதிக்கப்பட்டார்கள். கை கால் மரத்துப்போய் நடக்கச் சிரமப்பட்டார்கள். ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறது என்பதற்காகத்தான் அதற்கு மாறியிருந்தார்கள். பெயின்ட் உரிக்கும் டைகுளோரோமீத்தேன் உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். டொலுவீன் காதையும் கெடுக்கும், அதுவும் இரைச்சலோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாக. சிங்கப்பூரின் தொழில்நோய்க் கணக்கில் இரைச்சலால் வரும் காதுகேளாமை பல வருஷமாக முன்வரிசையில் நிற்கிறது. அதில் எவ்வளவு கிரைண்டரின் வேலை, எவ்வளவு தின்னரின் வேலை என்று யார் பிரித்துப் பார்ப்பது?

நம் ஆட்களிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் பால் குடி, வெல்லம் சாப்பிடு, வாழைப்பழம் சாப்பிடு, எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். பாலும் வாழைப்பழமும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். மூச்சுவழி ரத்தத்தில் சேர்ந்ததை வயிற்றுக்குள் போகும் பால் ஒன்றும் செய்யாது. கெடுதல் என்னவென்றால், சில காண்டிராக்டர்கள் பால் பாக்கெட் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ப்ளோயர் வாடகையைவிடப் பால் மலிவு.

பீர் வேறு கதை. டிரைகுளோரோஎத்திலீன் புழங்கிவிட்டுக் குடித்தால் சிலருக்கு முகமும் கழுத்தும் திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும். சரக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். கல்லீரலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்ததன் அடையாளம் அது. அப்புறம், வேலை முடிந்ததும் தின்னரை ஊற்றியே கை கழுவுவது. தோலின் எண்ணெய்ப்பசையை அது கரைத்துவிடும், தோல் வெடிக்கும், வெடித்த தோல் வழியே இன்னும் எளிதாக உள்ளே போகும். சோப்பும், கை துடைக்கும் கிரீமும் போதும். சாதாரண மெல்லிய ரப்பர் கையுறையைப் பல சால்வென்ட்டுகள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். எந்தத் திரவத்துக்கு எந்தக் கையுறை என்பது அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளில் எழுதியிருக்கும்.

அந்தத் தாள் எங்கே? நான் போன ஓர் இடத்தில் மிக அழகாக, ஃபைல் போட்டு, அலமாரியில் வைத்து, பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் லீவு.

முகமூடி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோவிட் முடிந்ததிலிருந்து என்95 மேல் எல்லோருக்கும் அபார நம்பிக்கை. அது தூசியைத் தடுக்கும். தின்னர் ஆவிக்கு அது கொசுவலையில் தண்ணீர் பிடித்த மாதிரி. ஆவிக்குக் கரி நிரப்பிய வடிகட்டி, அதாவது கார்ட்ரிட்ஜ் வேண்டும். அதற்கும் ஆயுள் உண்டு. கரி ஆவியால் நிரம்பியபின் அது மூஞ்சியில் மாட்டிய வெறும் பிளாஸ்டிக். எப்போது மாற்றுவது என்று கம்பெனி கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், வாடை வந்தால் மாற்று என்பது கணக்கு இல்லை. டைகுளோரோமீத்தேன், மெத்தனால் போன்றவற்றுக்குச் சாதாரண கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே கைவிட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கார்ட்ரிட்ஜால் எந்தப் பயனும் இல்லை, வெளியிலிருந்து குழாய்வழி காற்று வர வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் முகமூடி கடைசிக் காவல்தான். தண்ணீர் கலந்த பெயின்ட்டுக்கு மாற முடியுமா, நச்சு குறைந்த பிசுக்கு நீக்கி கிடைக்குமா, காற்றை இழுக்க வழி செய்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை. விபத்து அறிக்கையில் "ஊழியர் முகமூடி அணியவில்லை" என்ற ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த வரிக்கு மேலே நாலு வரி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"நான் ஆபீஸ் வேலை, எனக்கென்ன" என்பவர்களுக்கு: 2019 மார்ச்சில் நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். இங்கே சிங்கப்பூரில் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுப் 'புதுநீர்' என்ற பெயரில் திரும்பி வருகிறது. அதனால்தான் தண்ணீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் கழிவுநீர்க் குழாய்களில் சால்வென்ட் ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்திருக்கிறது. பிரஷ் கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லும் சூபர்வைசர் உங்களைக் குற்றம் செய்யச் சொல்கிறார். உரிமம் பெற்ற நச்சுக்கழிவு நிறுவனம்தான் அதை எடுத்துப் போக வேண்டும்.

இனி என் கோரிக்கை. பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் புழங்கும் ஊழியர்களுக்குச் சட்டப்படி மருத்துவப் பரிசோதனை உண்டு. பெயின்ட் தின்னரில் அதிகம் இருக்கும் டொலுவீனும் சைலீனும் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய்க்கும் பொருந்தும், ஆனால் வேலையை விட்டபின் கேட்பதற்குக் காலவரம்பு இருக்கிறது. ஊருக்குப் போய் இரண்டு பொங்கல் கழித்துக் கால் மரத்தால், தஞ்சாவூர் டாக்டருக்குத் துவாஸ் தின்னரின் பெயர் எப்படித் தெரியும்? வேலை பெர்மிட் ரத்தாகும்போது சம்பள பாக்கியும் விமான டிக்கெட்டும் கொடுப்பது போல, எந்த ரசாயனத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தார், காற்றில் அளவு என்ன இருந்தது, பரிசோதனை முடிவு என்ன என்று ஒரு பக்கத் தாளையும் ஊழியர் கையில் கொடுக்க வேண்டும். கம்பெனியிடம் இருக்கும் விவரம்தானே, அச்சடிக்க என்ன செலவு?

அது சட்டமாகும்வரை நீங்களே செய்யுங்கள் தம்பி. திறக்கும் ஒவ்வொரு டிரம்மின் லேபிளையும் போனில் படம் எடுங்கள். நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம் வெடித்த மாதிரி மனித உருவம் போட்டிருந்தால் அது நாள்பட்ட நோய்க்கான எச்சரிக்கை, அதை முதலில் எடுங்கள். படம் எடுக்க அனுமதிக்காத யார்டு என்றால் பெயரை நோட்டில் எழுதி, தேதி போட்டு, வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். தலைசுற்றல், மரத்துப்போதல், தடிப்பு வந்தால் தங்கும் விடுதிக் கிளினிக்கில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். கம்பெனியில் கேட்கப் பயமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.