முதலில் ஜெயித்தது டையஸ்தான்

ஒலிம்பிக்கில் நூறு மீட்டரை அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்த முதல் ஆள் யார்? என் மகளின் பள்ளி விநாடி வினாவில் போன வாரம் இந்தக் கேள்வி. கார்ல் லூயிஸ்தான் சரியான விடையாம். அவள் வந்து சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

லூயிஸ் ஜெயித்தது 1984லும் 1988லும். அதற்கு இருபது வருடம் முன்பே, 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ இரண்டிலும் அமெரிக்க வீராங்கனை வயோமியா டையஸ் நூறு மீட்டர் தங்கம் வாங்கியாயிற்று. மெக்சிகோவில் உலக சாதனையும் சேர்த்து. பெண் என்பதால் கணக்கில் வராமல் போய்விடுவாரா?

டையஸ் படித்தது நாஷ்வில்லில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் பெண்கள் தடகள அணிக்கு ‘டைகர்பெல்ஸ்’ என்று பெயர். கோச் எட் டெம்பிள் அங்கேயே சமூகவியலும் நடத்தினார். ஆரம்பத்தில் அவர்களுக்கு இருந்தது வெறும் மண் தடம், பக்கத்தில் பன்றிப் பண்ணை. வெளியூர்ப் போட்டி என்றால் டெம்பிளே கார் ஓட்டிக்கொண்டு போவார். கறுப்பினத்தவர் என்பதால் வழியில் எந்த ஓட்டலிலும் இவர்களை உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு ஒதுங்கக்கூட சாலையோர வயல்தான். அப்படிப் போய் இறங்கி ஓடி ஜெயித்திருக்கிறார்கள் அந்தப் பெண்கள்!

1960 ரோமில் அமெரிக்காவின் 4x100 தொடர் ஓட்ட அணியில் நான்கு பேருமே டைகர்பெல்ஸ். கடைசி கைமாற்றலில் கோல் நழுவப் பார்த்தது. வில்மா ருடால்ஃப் அதை இறுக்கிப் பிடித்து, விட்ட தூரத்தைத் துரத்தி ஓடித் தங்கம் வாங்கினார். போலியோ வந்து சின்ன வயதில் காலில் பட்டை மாட்டி நடந்தவர் அவர்.

உதவித்தொகை என்று சும்மா எதுவும் கிடையாது. தினம் இரண்டு மணி நேரம் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்த்துப் படித்தார்கள். டெம்பிளிடம் பயிற்சி பெற்று ஒலிம்பிக் போனவர்கள் 40 பேர். அதில் 39 பேர் பட்டம் வாங்கினார்கள். என்னைக் கேட்டால், பதக்கங்களைவிட இதுதான் பெரிசு. ஓடும் வயது சீக்கிரம் முடிந்துவிடும், பட்டம் கடைசிவரை சோறு போடும்.

1968 மெக்சிகோவில் அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் நிறவெறியை எதிர்த்துப் பதக்க மேடையில் கையை உயர்த்தி நின்ற படம் உலகத்துக்கே தெரியும். அதற்கு முந்தைய நாள், அணியின் வெள்ளைக் கால்சட்டையைப் போடாமல் கருநீலத்தில் ஓடினார் டையஸ். அதுவும் எதிர்ப்புதான். யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு தொடர் ஓட்டத்தில் வாங்கிய தங்கத்தை அந்த இருவருக்கும் அர்ப்பணித்தார்.

திங்கட்கிழமை மகளோடு பள்ளிக்குப் போகிறேன். டையஸின் மெக்சிகோ நூறு மீட்டர் ஓட்டத்தின் வீடியோவை போனில் எடுத்து வைத்திருக்கிறேன். டீச்சரிடம் காட்ட வேண்டும்.