டென்னிஸ் மைதானக் கணக்கு கொஞ்சம் பழசு

குடலையும் அதில் வாழும் பாக்டீரியாவையும் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு இடத்தில் பழைய கணக்கு வந்துவிட்டது. குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்கிறது கட்டுரை; நானும் பள்ளியில் அப்படிப் படித்தவன்தான். ஆனால் 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில் வந்தது சுமார் 32 சதுர மீட்டர். அரை பாட்மின்டன் கோர்ட், அவ்வளவுதான்! அதிலும் பெருங்குடலின் பங்கு வெறும் 2 சதுர மீட்டர். மீதியெல்லாம் டர்க்கி டவலின் நூல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளால் சிறுகுடலுக்குக் கிடைப்பது.

அடுத்தது, நம் உடலில் 'நம் செல்களைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு' என்று கட்டுரையில் வருவது. அது 1970களில் யாரோ போட்ட மனக்கணக்கு. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் திரும்பக் கணக்கிட்டார்கள். 70 கிலோ ஆணுக்குச் செல்கள் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அந்தப் பாக்டீரியா அத்தனையும் சேர்ந்து எடை 200 கிராம்தான், கட்டுரையில் சொன்ன 2 கிலோ இல்லை.

பாக்டீரியாவில் பெரும்பகுதி பெருங்குடலில்தான் குடியிருக்கிறது. அதனால் காலையில் கழிப்பறை போய் வந்தால், கொஞ்ச நேரத்துக்கு நம் செல்கள் கை ஓங்கிவிடும். சிரிப்பாக இருந்தாலும் அந்த ஆய்வாளர்களே சொன்னதுதான் இது.